சிறுத்தை வந்தப்பதான் தரையைப் பார்த்தோம்

போன வாரம் எங்க தெருப் பையன் ஒருத்தன், முறைக்கு அண்ணன் மகன், வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வாய்க்கால் மடையோரச் சேத்துல ஒரு காலடி. கீழே, "சித்தப்பா, இது சிறுத்தைதானே? மாயவரத்துக்கு வந்த மாதிரி?"ன்னு கேள்வி. பெருசு பண்ணிப் பார்த்தேன். நாலு விரல், நாலுக்கும் முன்னால ஊசி குத்தின மாதிரி நகம் பதிஞ்சு கிடக்கு. நாய். அவங்க வீட்டு நாயாவே இருக்கலாம். அதையே எழுதி அனுப்பினேன். அதுக்குள்ள படம் மூணு குரூப் தாண்டிப் போயிடுச்சு. சாயங்காலம் டீக்கடையில உட்கார்ந்திருக்கேன், ஒருத்தர் பக்கத்துல வந்து குரலைத் தாழ்த்தி, "தெரியுமா சேதி, நம்ம வாய்க்கால் பக்கம் சிறுத்தை நடமாட்டமாம்"ங்கிறார். நாய்தாண்ணே அதுன்னு சொன்னா என்னைப் பாவமாப் பார்க்கிறார்.

சிரிச்சுட்டு விட்டுடலாம்தான். விட முடியல. ஏன்னு சொல்றேன்.

2024 ஏப்ரல் 2ஆம் தேதி ராத்திரி மயிலாடுதுறை ஊருக்குள்ள, செம்மங்குளம் பக்கம் ஒரு சிறுத்தை நடந்து போனது. சிசிடிவி கேமராவில் தெளிவா விழுந்தது. வனத்துறை வந்து காலடியைப் பார்த்து, சிறுத்தைதான்னு உறுதியாச் சொன்னாங்க. அது வதந்தி இல்ல. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாங்க, கூண்டு வந்தது, மரத்துக்கு மரம் கேமரா கட்டினாங்க, ஆத்தங்கரை வாய்க்கால் கரையெல்லாம் ஆள் விட்டுத் தேடினாங்க. எம்.பி. எலெக்‌ஷன் நேரம் வேற, 19ஆம் தேதி ஓட்டு. ஓட்டுக் கேட்டு வந்தவங்களைவிட சிறுத்தையைப் பத்தித்தான் ஊர்ல பேச்சு. கொஞ்ச நாள்ல அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் சிறுத்தை தெரிஞ்சதுன்னு செய்தி வந்தது. இங்க யார் கையிலயும் அது சிக்கல.

நகரத்துல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க டெல்டாவுல காடு கிடையாது. கோடியக்கரையை விட்டா, நெல்லு, தென்னை, மூங்கில், கடலோரம் சவுக்கு. அவ்வளவுதான். சிறுத்தைங்கிறது எங்களுக்கு டிவியில வர்ற மிருகம். மாயவரம் எங்களுக்கு 35, 40 கிலோமீட்டர்தான். காரைக்கால்ங்கிறது தமிழ்நாட்டுக்கு நடுவுல கிடக்கிற புதுச்சேரித் துண்டு. வரப்பு ஒண்ணைத் தாண்டினா மாநிலம் மாறுற வயல் எல்லாம் இங்க உண்டு. அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வனத்துறை, இந்தப் பக்கம் புதுச்சேரி அரசாங்கம். சிறுத்தைக்கு எந்த கொம்யூன்னு தெரியவா போகுது? அது வாய்க்கால் வழியா நடந்தா நேரா எங்க வயலுக்கு வந்து சேரும்னு ஊரே பயந்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லல. எனக்கும் இருந்தது. ராத்திரி மோட்டார் போடப் போகல ரெண்டு நாள்.

குறை சொல்றது அதுக்கு அப்புறம் நடந்ததை. பசங்க தடி, டார்ச் எடுத்துக்கிட்டு ராத்திரி காவல் போனாங்க. அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ, விடியக்காலம் கூட்டமா சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தா, வாய்க்கால் கரையில ஒரு காட்டுப்பூனையை அடிச்சுப் போட்டிருக்காங்க. "குட்டிச் சிறுத்தை"ன்னு பேரு. செல்போன்ல படம் பிடிக்கிறாங்க. காட்டுப்பூனைக்கு உடம்புல புள்ளியே இருக்காது. மண் கலர். கால்ல லேசாப் பட்டை, வால் நுனிப் பக்கம் கருவளையம், காது நுனியில சின்னதா மயிர்க்குஞ்சம். நம்ம வீட்டுப் பூனையைவிடக் கால் நீளம், வால் கட்டை. அவ்வளவு பக்கத்துல கிடந்தும் ஒருத்தருக்கும் புள்ளி இல்லைங்கிறது கண்ணுல படல.

எனக்கு அந்தப் பூனையை ரெண்டு வருஷமாத் தெரியும். கண்ணால மூணு தடவைதான் பார்த்திருக்கேன். ஆனா காலடி நல்லாப் பழக்கம். தீப்பெட்டி நீளம்கூட இருக்காது, உருண்டையா, நகம் இல்லாம. என் வயல் கிழக்கு வரப்புல வந்து, மூங்கில் கொத்துப் பக்கம் திரும்பும். அந்த வரப்புல எலி வளை குறைவு. அது பூனையாலதான்னு அடிச்சுச் சொல்ல நான் விஞ்ஞானி இல்ல. ஆனா அதோட எச்சத்துல எலி மயிரைப் பார்த்திருக்கேன்.

இப்ப என் கருத்தைச் சொல்லிடறேன். தடம் பார்க்கிறது காட்டுல இருக்கிறவங்க வித்தை, நமக்கு எதுக்குன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. அது விவசாயம் பண்றவனுக்கு வேண்டிய அறிவு. அதை விட்டுட்டதாலதான் வராத சிறுத்தைக்குப் பயப்படறோம், இருக்கிற பூனையைக் கொல்றோம்.

எங்க அப்பாவுக்கு எழுத்து அவ்வளவா வராது. ஆனா விடியக்காலம் வரப்பைச் சுத்திட்டு வந்தார்னா ராத்திரி நடந்த அத்தனையும் சொல்லுவார். "நரி தெக்கேருந்து வந்து போயிருக்கு. உடும்பு தூம்புக்குள்ள இருக்கு, கையை விடாத." பேப்பர் படிச்ச மாதிரி இருக்கும். அவர் எனக்கு முதல்ல காட்டினது மிருகத்தோட காலடி இல்ல, வெட்டுப்பட்ட பயிர். எலி வெட்டினா தண்டு சாய்வா இருக்கும், சீவின மாதிரி. நண்டு இளநாத்தை அடியோட தரைமட்டத்துல வெட்டும். எலி வளைன்னா வாசல்ல புது மண் குவிஞ்சு கிடக்கும். நண்டு வளையில சேறு உருண்டை உருண்டையா இருக்கும். எலிக்கும் நண்டுக்கும் வைத்தியம் வேற வேற. ஆளைத் தெரியாம மருந்து வச்சா காசும் போச்சு, பயிரும் போச்சு.

எலி பிடிக்கிறதுக்கு அந்தக் காலத்துல கிட்டி வைக்கிறவங்க வருவாங்க. தஞ்சாவூர்க் கிட்டின்னு மூங்கில்ல செஞ்ச வில் மாதிரி ஒரு பொறி. சாயங்காலம் வயல்ல வச்சுட்டு, விடியறதுக்குள்ள எடுத்துடுவாங்க. பிடிபட்ட எலிக்கு இவ்வளவுன்னு கூலி. நான் சின்னப் பையனா அவங்க பின்னாடியே போவேன். கிட்டியைக் கண்ட இடத்துல வைக்க மாட்டாங்க. குனிஞ்சு, எலி எந்த வழியா ஓடுதுன்னு பார்த்து, அந்த ஒத்தையடிப் பாதையில வைப்பாங்க. எலிக்கும் பாதை உண்டு, தினம் ஒரே வழியாப் போகும், பயிர் அடியில புல்லு மடங்கிக் கிடக்கும். அந்தப் பாதையைப் பார்க்கத் தெரியாதவன் நூறு கிட்டி வச்சாலும் நூறும் சும்மாதான் இருக்கும். இப்ப கிட்டி போடறவங்க எங்க பக்கம் ரொம்பக் குறைஞ்சுட்டாங்க. கடையில விஷப் பாக்கெட் கிடைக்குது. அதுக்குத் தடம் பார்க்க வேண்டியதில்ல, தூவிட்டு வந்துடலாம். தின்ன எலியை எது தின்னுதோ அதுவும் சேர்ந்து போகும்.

அப்பாவோட மகன்னு சொல்லிக்கிறேனே தவிர, நானும் யோக்கியன் இல்ல. எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச வருஷம். வீட்டுக் கொல்லையில பத்துப் பன்னெண்டு கோழி வளர்த்தோம். ஒரு வாரத்துல நாலு கோழி போச்சு. நரிதான்னு முடிவு பண்ணிட்டேன். ராத்திரி ஊளை கேட்டதுதான் சாட்சி. கோழிக் குடல்ல மருந்தைத் தடவி வேலியோரம் வச்சேன். காலையில ஒரு நரி செத்துக் கிடந்தது, கூடவே எதிர்வீட்டு நாயும். எதிர்வீட்டு அக்கா அழுதது இன்னும் காதுல இருக்கு. நான்தான்னு அவங்ககிட்ட ரொம்ப நாள் சொல்லல. மூணாம் நாள் இன்னொரு கோழி போச்சு. அப்பா கொல்லைக்கு வந்தார், கூண்டைச் சுத்திப் பார்த்தார், "எல்லாத்தையும் நீயே மிதிச்சு வச்சிருக்கியேடா"ன்னார். அப்புறம் கூண்டு மேல ஏறிப் பார்த்தார். ஓலையில ஒட்டியிருந்த காஞ்ச சேத்துல அஞ்சு விரல். மரநாய். பக்கத்துத் தென்னையிலேருந்து இறங்கி, மேல்கீத்தைப் பிரிச்சு உள்ள போயிருக்கு. நரிக்கும் நாய்க்கும் தரையில பதியறது நாலு விரல்தான். அஞ்சு விரல்னா மரநாய், கீரி, நீர்நாய். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குனிஞ்சு பார்க்கல. கூண்டு மேல தகரம் போட்டேன், அதோட கோழி போறது நின்னது. தகரம் விலை 200 ரூபாயோ என்னவோ.

கேட்கிறவங்களுக்காகக் கொஞ்சம் விவரமாவே எழுதறேன். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ள இழுத்துக்கும், அதனால நகம் பதியாது. நாய் இனத்துக்குப் பதியும். இது பாதி உண்மைதான். வழுக்குற சேத்துல பூனையும் சிறுத்தையும் நகத்தை வெளியில விட்டுப் பிடிச்சு நடக்கும். ரோட்டுல திரியுற நாய்க்கு நகம் தேஞ்சு பதியாமலும் போகும். அதனால நகத்தை மட்டும் வச்சுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. விரலுக்குப் பின்னால இருக்கிற பெரிய மெத்தையைப் பாருங்க. பூனை இனத்துக்கு அது பெருசா, பின்னோரம் மூணு மடிப்பா இருக்கும். காலடி மொத்தமும் வட்டமா இருக்கும். நாய்க்கு மெத்தை சின்னது, காலடி அகலத்தைவிட நீளம். நாய்க் காலடியில விரலுக்கும் மெத்தைக்கும் நடுவுல ஒரு பெருக்கல் குறி போடலாம். பூனைக்குப் போட முடியாது, மெத்தை இடிக்கும்.

அளவு முக்கியம். சிறுத்தைக் காலடி ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம் வரும். ஈரச் சேத்துல எந்தக் காலடியும் விரிஞ்சு பெருசாத் தெரியும். ரெண்டு நாள் காஞ்சா ஓரம் உதிர்ந்து இன்னும் பெருசாகும். அதைப் பக்கத்துல ஒண்ணும் வைக்காம போட்டோ எடுத்தா பூனைக் காலும் புலிக் காலாயிடும். தீப்பெட்டி ஒண்ணு வச்சு எடுங்க. ஏறக்குறைய அஞ்சு சென்டிமீட்டர், எல்லா ஊர்லயும் கிடைக்கும்.

ஒத்தைக் காலடியைவிட நடை சொல்றது அதிகம். நரி போன வழி கயிறு பிடிச்ச மாதிரி நேரா இருக்கும். முன்கால் வச்ச குழியிலயே பின்கால் வைக்கும். வீட்டு நாய் அப்படிப் போகாது, அங்க மோந்து இங்க மோந்து கோணக்கோணையாப் போகும், அதுக்குச் சோறு வீட்டுல இருக்கு. உடும்புன்னா நடுவுல வால் இழுத்த கோடு, ரெண்டு பக்கமும் நகக்கீறல். பன்னிக்கு ரெண்டு குளம்பு, சேறு ஆழமா இருந்தா பின்னால ரெண்டு சின்னக் குழி சேர்த்து விழும். கடலோரம் போனீங்கன்னா பங்குனி ஆமை ஏறின தடம் இருக்கும், ட்ராக்டர் டயர் போன மாதிரி ஒண்ணரை சாண் ரெண்டு சாண் இல்ல, மூணு சாணுக்கு மேல அகலம். ஏறின தடம் ஒண்ணு, இறங்கின தடம் ஒண்ணு. ஏறின தடம் மட்டும் இருந்தா ஆமை இன்னும் மேலதான் இருக்கு, டார்ச்சை அணைச்சுடுங்க.

இதையெல்லாம் சொல்லிட்டு, தடம்தான் எல்லாம்னும் நான் சொல்ல மாட்டேன். நம்ம நாட்டுல ரொம்ப வருஷம் புலியைக் காலடியை வச்சுத்தான் எண்ணினாங்க. ஒடிசாவுல சரோஜ் ராஜ் சௌத்ரின்னு ஒரு வன அதிகாரி 1966ல ஆரம்பிச்ச முறை. காலடி மேல கண்ணாடி வச்சு வரைஞ்சு, இது வேற புலி அது வேற புலின்னு பிரிக்கிறது. 1972ல நாடு முழுக்க எண்ணினப்ப 1,827 புலின்னு கணக்கு வந்தது. கடைசியில ராஜஸ்தான் சரிஸ்கா காட்டுல காகிதத்துல புலி இருந்தது, 2005ல போய்ப் பார்த்தா காட்டுல ஒண்ணுகூட இல்ல. அப்புறம்தான் கேமராவுக்கு மாறினாங்க, 2006 கணக்குல 1,411 புலிதான்னு தெரிஞ்சது. எது போச்சு, எந்தப் பக்கம் போச்சுன்னு காலடி சொல்லும். மொத்தம் எத்தனைன்னு அதைக் கேட்டா, கேட்கிறவன் மனசுல இருக்கிறதைத்தான் திருப்பிச் சொல்லும் போல. நான் நரி ஊளையைக் கேட்டுட்டுத் தீர்ப்பு எழுதினதும் அந்த ஜாதிதான்.

ஆனா கேமரா வந்துட்டதால கண்ணை மூடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. 2021ல மசினகுடிப் பக்கம் டி23 புலியைத் தேடினாங்களே, ட்ரோன், கும்கி யானை, மோப்ப நாய், கேமரா எல்லாம் இருந்தது. இருந்தும் தடம் பார்க்கிற பழங்குடி ஆட்கள் கூடவே நடந்தாங்க. மூணு வாரம் தேடி, அக்டோபர் 15ஆம் தேதி உயிரோட பிடிச்சாங்க. கேமராவை எந்த மரத்துல கட்டணும்னு சொல்றதுக்கே தரையைப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும்.

எங்க பக்கம் தரையே மாறிப்போச்சு, அது வேற. வாய்க்கால் கரைக்கு சிமெண்ட் பூசறாங்க. சிமெண்ட்ல என்ன பதியும்? ரெண்டு பேர் எதிரெதிரா நடந்து போன வரப்பை வெட்டி வெட்டி ஒரு பாதம் அகலத்துக்குக் கொண்டுவந்துட்டோம். அறுவடைக்கு பெல்ட் மிஷின் இறங்கினா, அதோட தடத்தைத் தவிர வேற தடம் இல்ல. நாங்களும் வயலுக்கு பைக்ல போறோம், எட்டு மணிக்கு. அதுக்குள்ள வெயில் வந்து, ஆடு மாடு மிதிச்சு, பேப்பர் கிழிஞ்சு போயிருக்கும். விடியக்காலம் சாய்வா விழுற வெளிச்சத்துலதான் காலடி எழும்பி நிக்கும். உச்சி வெயில்ல பார்த்தா பக்கத்துல இருக்கிறதே தெரியாது.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. பூச்சின்னு வந்தா வேளாண் அதிகாரிங்க என்ன சொல்றாங்க? உடனே மருந்து அடிக்காத, முதல்ல எந்தப் பூச்சின்னு பாரு, எத்தனை இருக்குன்னு எண்ணு, சிலந்தி தட்டான் மாதிரி நல்லது செய்யறது எத்தனைன்னும் எண்ணு, சேதம் அந்த அளவைத் தாண்டினா மட்டும் மருந்து. உழவர் வயல்வெளிப் பள்ளியில எங்களை வயல்ல இறக்கி விட்டே சொல்லிக் கொடுத்தாங்க. நல்ல பாடம், நான் இன்னிக்கும் அப்படித்தான் செய்யறேன். பூச்சிக்குக் கிடைக்கிற அந்த விசாரணை நரிக்கும் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் கிடையாது. இத்தனைக்கும் சட்டம் இருக்கு, இதுகளை அடிக்கக் கூடாதுன்னு. எது நரி, எது காட்டுப்பூனைன்னே தெரியாத ஊர்ல சட்டம் என்ன பண்ணும்? காரைக்கால்ல வேளாண் கல்லூரி இருக்கு, மாதூர்ல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. எலி ஒழிப்புப் பயிற்சி நடத்தும்போது, கூட ஒரு மணி நேரம், விடியக்காலம், வரப்புல நடக்க வச்சு யார் யார் வந்து போறான்னு காட்டினா என்ன? மயில், பன்னி பயிரை அழிக்குதுன்னு எங்களுக்கு நிஜமான நஷ்டம் இருக்கு. அதை நான் மறைக்கல. பன்னி செஞ்சதுக்குப் பன்னி மேல நடவடிக்கை எடுக்கட்டும். வேலியில விஷம் வச்சுட்டு வந்தவன் தின்றப்போறது யாருன்னு தெரியாம தூங்குறான் பாருங்க, நான் தூங்கின மாதிரி, அதைத்தான் சொல்றேன்.

ஒரு நண்பர் சென்னையிலேருந்து கேட்டார், "இதெல்லாம் இப்ப செல்போன்ல படம் காட்டினா ஆப் சொல்லிடுமே?" சொல்லட்டும். என் பேரன் காலத்துல நல்லாவே சொல்லும். ஆனா குனிஞ்சு படம் எடுக்கிறதுக்கு முதல்ல அங்க ஒரு காலடி இருக்குன்னு தெரியணுமே. எதை மிதிக்காம நிக்கணும்னு ஆப் சொல்லாது.

அந்தக் காட்டுப்பூனை செத்ததுக்கு அப்புறம் கிழக்கு வரப்புல நான் ஒரு வருஷம் பார்த்தேன், உருண்டைக் காலடி ஒண்ணும் இல்ல. அந்தத் தாளடியில வளை எண்ணிக்கை கூடிச்சு. மழை கம்மியானதாலயும் இருக்கலாம், நான் அதை வச்சுக் கணக்கு எழுதல. வயலுக்கு நடுவுல தென்னை மட்டையை நட்டு ஆந்தை உட்கார இடம் பண்ணினேன். ஆந்தை வருது, கீழே எச்சம் கிடக்கு.

நேத்துக் காலையில அந்த அண்ணன் மகன் இன்னொரு படம் அனுப்பினான். பக்கத்துல தீப்பெட்டி வச்சிருக்கான். நடுவுல வளைவு வளைவா ஒரு கோடு, ரெண்டு பக்கமும் நகக்கீறல். "சித்தப்பா, உடும்பா?" குரூப்ல போட்டியாடான்னு கேட்டேன். இன்னும் போடலையாம். ஆமா உடும்புதான், அந்தக் கோடு தூம்புப் பக்கம் திரும்புது பாரு, கையை விடாதன்னு எழுதினேன்.